தாய்மாமன் சீரில் ஒரு ஜிலேபி பிராக்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் பொண்ணுக்கு ஒரு பிராக் தெக்கணும்.

கேக்கறதுக்கு எவ்வளவு சாதாரணமா இருக்கு பாருங்க! நானும் அப்படித்தான் நெனச்சேன்.

நான் பெருமாநல்லூர் பக்கத்துல ஒரு பனியன் கம்பெனியில சாம்பிள் செக்ஷன் இன்சார்ஜ். வெளிநாட்டு பையர் படம் போட்டு அனுப்புவான். அதைப் பார்த்து மாதிரிக்கு ஒரு உருப்படி தெச்சு அனுப்பணும். பிடிச்சா ஆர்டர் வரும், பிடிக்கலைன்னா மெயில் வரும். வருஷக்கணக்கா இதே பொழப்பு. அதனால துணி விஷயத்துல நம்மளை மிஞ்ச ஆள் கிடையாதுன்னு ஒரு நெனப்பு. பொழப்பைக் கெடுத்தது அந்த நெனப்புதான்.

அந்த சீசன்ல ஒரு பையர் குழந்தைங்க துணிக்குப் படம் அனுப்பியிருந்தான். எல்லாம் அந்தக் காலத்து மாடல். உப்பிப் போன கை, வட்டக் காலர், இடுப்புல நாடா, முதுகுல பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட பெரிய போ. பழைய கறுப்பு வெள்ளை போட்டோவுல குழந்தையை ஸ்டூல் மேல நிக்க வெச்சிருப்பாங்களே, அப்ப போட்டுவிட்ட மாதிரி கவுனு. அதுல துணி பூரா தின்பண்டம்! செர்ரி, கேக்கு, ஐஸ்கிரீமு.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. அவன் ஊர்ல கேக்குன்னா நம்ம ஊர்ல ஜிலேபி இல்லையா? அவனுக்கு செர்ரின்னா நமக்கு உளுந்து வடை இல்லையா?

வீட்டுக்கு வந்து சம்சாரம் சுகந்திகிட்டச் சொன்னேன். "பாப்பாவுக்கு ஜிலேபி பிராக். ஆரஞ்சு கலரு. காலர் பூரா ஜிலேபி எம்ப்ராய்டரி. கை ரெண்டும் போண்டா மாதிரி உப்பி நிக்கும். பட்டன் எல்லாம் வடை. நடுவுல ஓட்டையோட!"

அவ அரிசி களைஞ்சுட்டே கேட்டா. "பையனுக்குங்க?"

"அவனுக்கு பாபா சூட்டு. சட்டை இட்லி வெள்ளை, காலர் சட்னி பச்சை, டவுசர் சாம்பார் கலரு."

"ஏனுங்க, காதுகுத்துக்கு ஆளு வர்றாங்களா, இல்ல டிபன் சாப்பிட வர்றாங்களா?"

காதுகுத்துன்னு அவ சொன்னாளே, அது இதுதான். பொண்ணு தாரணிக்கு நாலு வயசு, பையன் கவினுக்கு ரெண்டு. ரெண்டு பேருக்கும் சேர்த்து எங்க குலதெய்வக் கோயில்ல மொட்டையும் காதுகுத்தும் வெச்சிருந்தோம். தாய்மாமன் சீர்த்தட்டுல புதுத்துணி கொண்டு வரணும். மொட்டை போட்டுக் குளிப்பாட்டினதும் அந்தத் துணியைப் போட்டுத்தான் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் காது குத்துவாங்க.

தாய்மாமன் என் மச்சினன் லோகு. மூலனூர்ல முருங்கைத் தோட்டம், கூடவே மார்க்கெட்ல காய் ஏவாரம். அதிர்ந்து பேசமாட்டான். மாமனார் தவறின பிறகு அவன் கையால செய்யற மொத சீரு இது. அதுவும் போக, என் அக்கா வீட்டுக்காரர் வழியில ஒரு பொண்ணை அவனுக்குப் பேசிட்டு இருந்தாங்க. பையன் எப்படின்னு என் அக்கா ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் பாக்கி. அக்காவும் "காதுகுத்துல பையனைப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்"னு சொல்லியிருந்தா.

ஆக அந்த சீர்த்தட்டு அவனுக்குக் கிட்டத்தட்ட பரீட்சை பேப்பர். அதுல நான் போய் பதில் எழுதறேன்னு நின்னேன்.

லோகு தயங்கினான். "மாமா, சீர்த்துணி நாந்தானுங்க எடுக்கோணும். மொறை அதானுங்க."

"துணி நீயே எடுத்துக் குடு. தெக்கறது மட்டும் நான். தட்டுல உன் பேர்லதான் போகுது. நான் தெச்சேன்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு விடாதே."

"அது ஏனுங்க மாமா?"

ஏன்னா, எல்லாரும் "இதென்ன இவ்வளவு அழகா இருக்குது, எங்க எடுத்தீங்க?"ன்னு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்ச பிறகு, நான் மெதுவா ஒரு சிரிப்பு சிரிச்சு உண்மையைச் சொல்லலாம்னு ஒரு திட்டம். இதையா அவன்கிட்டச் சொல்ல முடியும்? "உனக்குப் பெருமையா இருக்கட்டும்னுதான்"னு சொல்லி வெச்சேன். அவன் என்னை நம்பினான், பாவம்.

பையன் துணி அரை நாள்ல முடிஞ்சுது. கம்பெனியில கெடந்த பனியன் துணி, இன்டர்லாக். அளவுக்கு வெட்டு, ஓவர்லாக் மிஷின்ல ஒரு ஓட்டு, முடிஞ்சுது. முன்னாடி வரிசையா வடை பட்டன். ஆனா அது சும்மா அழகுக்கு, திறக்காது. பனியன் துணிக்கு எதுக்குப் பட்டன்? இழுத்தா நீளும், தலையில மாட்டி விட்டா சுருங்கிக்கும்.

அதே பேட்டர்னைப் பெருசு பண்ணி பொண்ணுக்கும் பனியன் துணியில ஒண்ணு வெட்டித் தெச்சோம். எங்க சாம்பிள் டெய்லர் அந்தோணி அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கையில தூக்கிப் பிடிச்சுக் காட்டினார். உப்பி நிக்க வேண்டிய கை ரெண்டும் தொங்கிப் போய்க் கெடந்துச்சு. போண்டான்னு யாரும் சொல்லமாட்டாங்க. வாடின கத்திரிக்கான்னு சொல்லலாம்.

"சார், இந்தத் துணியில கை நிக்காது. மொறுமொறுன்னு துணி வேணும், என்ன?"ன்னார் அண்ணாச்சி.

சரின்னு லோகுவை வரச் சொல்லி டவுனுக்குக் கூட்டிட்டுப் போனேன். உலகத்துக்கே துணி அனுப்பற ஊர்ல பாப்ளின் துணி ரெண்டு மீட்டர் வாங்க கடை கடையா ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குங்க? கர்ச்சீப்புக்குங்களா?"

"ஜிலேபிக்குங்க."

அவர் அவசர அவசரமா ஆரஞ்சு பாப்ளினை வெட்டிக் குடுத்துட்டார்.

இப்ப ஒரு சின்ன விஷயம் சொல்லணும். பனியன் துணியை இழுத்தா நீளும். பாப்ளினை இழுத்தா அது பாட்டுக்கு நிக்கும். இன்னும் இழுத்தா கிழியும், நீளாது. அதனாலதான் பாப்ளின் கவுனுக்கு முதுகுல திறப்பு விட்டு கொக்கியோ ஜிப்போ வெப்பாங்க. இது ஊர்ல தெருமுனை டெய்லருக்குத் தெரியும், மொத நாள் தையல் கிளாஸுக்குப் போற புள்ளைக்குத் தெரியும்.

எங்களுக்குத் தெரியாது! தெரியாதுன்னு இல்ல, ஞாபகத்துக்கே வரல. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நீளற துணியிலயே கெடக்கறவங்க நாங்க. துணின்னா நீளும். தண்ணின்னா ஓடும். அதை யாராச்சும் சந்தேகப்படுவாங்களா?

பனியன் துணிக்குப் போட்ட அதே பேட்டர்ன். அதே குட்டிக் கழுத்து. முன்னாடி அதே திறக்காத வடை பட்டன். முதுகுல பெரிய போ, அதையும் அழகா இறுக்கித் தெச்சாச்சு. திறப்புன்னு எங்கயும் ஒரு நூல் அளவுகூட இல்ல.

ஆனா அழகுன்னா அழகு! கை ரெண்டும் உப்பி நிக்குது. காலர்ல ஜிலேபி பாகு சொட்டற மாதிரி எம்ப்ராய்டரி. அண்ணாச்சி கண்ணு கலங்கிட்டார்.

"சார், கையைப் பாருங்க, பன்னு கணக்கா நிக்கி! எம் மவளுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க சார்."

அப்புறம் செக்கிங். எங்க செக்கிங் மணியக்கா டேபிள்ல பிராக்கை விரிச்சு டேப்பை வெச்சாங்க. நீளம் சரி. தோள் சரி. கை சரி. கழுத்து அகலம், நாங்க எழுதிக் குடுத்த அளவு எதுவோ அதே அளவு. நூல் பிசிறைக்கூட வெட்டிட்டாங்க.

"எல்லாம் பாஸுங்க சார். ஒரு டேமேஜ் இல்லீங்க."

பாருங்க, அதுதான் எங்க தொழில் சுத்தம். லட்சக்கணக்குல துணி தெக்கறோம், ஒண்ணைக்கூட ஒரு மனுஷன் போட்டுப் பார்த்து நாங்க பார்த்ததில்ல. டேப்புல சரியா இருந்தா பெட்டியில போடுவோம். தலை நுழையுதான்னு பாக்கறது கப்பலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் பாடு.

வீட்ல சுகந்தி பிராக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "நல்லாத்தானுங்க இருக்குது. போட்டுப் பாத்துரலாங்களா?"

"சீர்த்துணி. தட்டுல புதுசா வரணும். அதுக்கு முன்னாடி போடக்கூடாது."

"அளவுங்க?"

"பாஸ் ஆயிருச்சு."

"யாருக்குப் பாஸ் ஆச்சு?"

 பொம்பளைங்களுக்கு டெக்னிக்கல் விஷயம் புரியாதுன்னு விட்டுட்டேன்.

காதுகுத்து அன்னிக்குக் கோயில்ல நல்ல கூட்டம். மொட்டை முடிஞ்சுது. ரெண்டு மண்டையிலயும் சந்தனம் பூசியாச்சு. மேளத்தோட சீர்த்தட்டு வந்துச்சு. லோகு புது வேட்டி சட்டையில, வேர்த்து விறுவிறுத்து, மொத தட்டைத் தானே சுமந்துட்டு வந்தான். அந்தத் தட்டுலதான் நம்ம டிபன் செட்டு.

பொம்பளைங்க கூட்டம் மொய்ச்சிருச்சு.

"அய்யோ, என்ன கண்ணு இது, காலர்ல முறுக்கா?"

"ஜிலேபி மாதிரி இருக்குதுங்க்கா."

"பட்டனைப் பாரு, வடையாட்டவே இருக்குது! ஏந்தம்பி லோகு, எங்க எடுத்தே?"

லோகு என்னைப் பார்த்தான். நான் கோபுரத்தைப் பார்த்தேன். அவன், "டவுன்லதானுங்க்கா எடுத்தேன்"னான். பொய்யில்ல, துணி டவுன்லதான் எடுத்தது.

என் அக்கா பிராக்கை வாங்கித் தடவிப் பார்த்தா. "பையனுக்கு ரசனை இருக்குதுடா"ன்னு என் காதுல சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் குளுகுளுன்னு ஆயிருச்சு. இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் ரெண்டு பேர் பாராட்டட்டும், சிரிப்பை எடுத்து விட்டுரலாம்னு காத்திருந்தேன்.

மொதல்ல பையன். இட்லி சட்டையைத் தலையில வெச்சு ஒரு இழு. சட்டுனு இறங்கிருச்சு. அவன் குனிஞ்சு மேல் பட்டனைப் பார்த்தான், அப்படியே வாய்ல வெச்சுக் கடிச்சான். கூட்டம் சிரிச்சுது. அதைவிட என்ன பாராட்டு வேணும்?

அடுத்து பொண்ணு.

சுகந்தி பிராக்கைத் தூக்கிப் பிடிச்சா. தாரணி ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னா. பிராக் இறங்குச்சு. கை உள்ள போச்சு. மொட்டையோட உச்சி கழுத்துல எட்டிப் பாத்துச்சு.

அங்கயே நின்னுருச்சு.

சுகந்தி மெதுவா இழுத்தா. வரல. கொஞ்சம் அழுத்தி இழுத்தா. வரல. துணிக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு.

"அப்பா, கரண்ட்டு போயிருச்சு!"

அக்கா கைகொடுத்தா. ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். ஜிலேபிக்கு நடுவுல சந்தன மண்டை பாதி தெரியுது, அதுக்கு மேல நகரமாட்டேங்குது. காது ரெண்டும் உள்ள மாட்டிக்கிச்சு. குத்தறதுக்கு வந்த காதே கண்ணுல படல!

போட்டோகிராபர் புதுசா டிஜிட்டல் கேமரா வாங்கின ஜோர்ல முன்னாடி வந்து உக்காந்துட்டார். "பாப்பா, இங்க பாரு, ஸ்மைல்!"

பாப்பா எங்க பார்க்கும்? வடை பட்டனைத்தான் பார்க்கும்.

ஆசாரி தங்கக்கம்பியைக் கையில வெச்சுட்டு அவசரப்படுத்தினார். "நல்ல நேரம் போகுதுங்க. காதைக் காட்டுங்க, சட்டுனு குத்திரலாம்."

அப்பத்தான் கூட்டத்துல பேச்சு ஆரம்பிச்சுது.

"என்னப்பா தாய்மாமன், பிள்ளைக்கு அளவு பாக்காமயா துணி எடுப்பே?"

"மருமவ தலை எத்தச்சோடு பெருசுன்னு மாமனுக்குத் தெரியோணுமல்ல?"

"முருங்கக்கா மட்டும் சாண் போட்டு அளந்து விக்கத் தெரியுது!"

லோகு காது ரெண்டும் செவந்து போய் நின்னுட்டு இருந்தான். என் பக்கம் திரும்பக்கூட இல்ல. மூச்சு விடாதேன்னு நான் சொன்னேன்ல, விடல.

உண்மையைச் சொல்லியிருக்கணும். ஆனா அந்த நேரத்துக்கு மூளை தொழிலுக்குத்தான் ஓடுச்சு. பனியன் கம்பெனிக்காரன் பாக்கெட்ல என்ன இருக்கோ இல்லையோ, நூல் வெட்டற குட்டி டிரிம்மர் இருக்கும். எடுத்தேன். பொண்ணைத் திருப்பினேன். முதுகுல போவைப் பிரிச்சேன், கழுத்துல இருந்து ஒரு சாண் கீழ வரைக்கும் நேரா ஒரு வெட்டு. டபக்குனு தலை வெளிய வந்துச்சு.

"கரண்ட்டு வந்துருச்சு!"ன்னா தாரணி.

நாலஞ்சு பொம்பளைங்க தாலிக்கொடியில இருந்தும் வளையல்ல இருந்தும் ஊக்கைக் கழட்டி நீட்டினாங்க. ரெண்டு ஊக்கைக் குத்தி, மேல போவை இழுத்துக் கட்டினேன். வெட்டு தெரியவே இல்ல. லோகு மடியில உக்கார வெச்சு, ஆசாரி ரெண்டு பிள்ளைங்க காதையும் குத்தி முடிச்சார். பொண்ணு கத்தினா, மேளம் அதைவிட சத்தமா கத்துச்சு.

எல்லாம் சுபம்னு நெனைக்கறீங்க. நானும் நெனச்சேன்.

பந்தியில உக்காந்தேன். பக்கத்து இலையில ஒரு பெரியவர் என் முதுகைத் தட்டினார். "மச்சினன் சொதப்புனதை ஒரு நிமிசத்துல சரி பண்ணிப்போட்டீங்க மாப்ள! தொழில்காரன் தொழில்காரன்தான்."

எதிர்ல இருந்தவர், "கை என்ன நிதானம் பாத்தீங்களா!"ன்னார்.

நான் கேட்ட பாராட்டுதான். கேக்காத இடத்துல வந்து சேர்ந்திருந்துச்சு. 

அக்கா வந்து என் காதுக்கிட்டக் குனிஞ்சா. "டேய், அந்தப் பையன் சரிப்பட்டு வரமாட்டான்டா. ஒரு துணி எடுக்கறதுக்கு வெவரம் பத்தல. சபையில முழிச்சுட்டு நிக்கறான். நான் அந்தப் புள்ள ஊட்டுல வேண்டாமுன்னு சொல்லிப்போடறேன்."

பந்திக் கடைசியில பார்த்தேன். லோகு தனியா உக்காந்து தலை நிமிராம சாப்பிட்டுட்டு இருந்தான். பக்கத்து இலை ரெண்டும் காலி.  நான் பெருமைப்பட்டுக்க ஒரு பையனோட கல்யாணமே போகப் பாக்குது!

எழுந்து நின்னேன். எச்சக் கையோட சொன்னேன். "அக்கா, அந்த பிராக்கை அவன் எடுக்கல. நான் தெச்சேன். கழுத்தைத் தப்பா வெட்டினது நான்."

 நல்லவேளை, சொல்லிட்டோம்னு மூச்சு விட்டேன்.

பக்கத்து இலைப் பெரியவர் கண்ணைத் துடைச்சார். "பாத்தீங்களா? மச்சினன் மானத்தைக் காப்பாத்தறதுக்குப் பழியத் தன் மேல போட்டுக்கறாரு! இப்படி ஒரு மாப்ள ஆருக்குக் கிடைப்பாங்க?"

"இல்லீங்க, நெசமாவே நான்தான்..."

"போதும் சாமி, உங்க மனசு எங்களுக்குப் புரியுது."

அக்கா அதட்டினா. "டேய், வருசக்கணக்கா பனியன் கம்பெனியில குப்பை கொட்டறே. நீ தெச்சாத் தலை நுழையாம இருக்குமா? ஆருகிட்டக் கதை விடறே?"

எனக்கு வேகம் வந்துருச்சு. நிரூபிச்சே ஆகணும்! நான் எவ்வளவு பெரிய முட்டாள்னு சபைக்கு முன்னாடி விளக்க ஆரம்பிச்சேன். "அக்கா, கேளு. பனியன் துணி பின்னின துணி. வளையம் வளையமா இருக்கும், அதனால நீளும். பாப்ளின் நெசவுத் துணி. நேர்நூல், குறுக்குநூல், நீளாது. நான் பனியன் பேட்டர்னை வெச்சு பாப்ளினை வெட்டிட்டேன். கழுத்துக்குத் திறப்பு விடணும், விடல. கை உப்பி நிக்கணும்னு துணியை மாத்தினேன், துணியை மாத்தினவன் பேட்டர்னை மாத்தல..."

எதிர் வரிசைக்காரர் பெருமூச்சு விட்டார். "அடேங்கப்பா! எத்தனை வெவரம் தெரிஞ்சிருக்குது பாருங்க! இவரா தப்பா வெட்டுவாரு?"

"அதானுங்க," அக்கா தலையாட்டினா. "இவ்வளவு தெரிஞ்சவன் எப்படித் தப்புப் பண்ணுவான்?"

சொல்லச் சொல்ல நான் மேதை ஆயிட்டே போறேன், லோகு பள்ளத்துல இறங்கிட்டே போறான். அவன் இலையை மடிச்சுட்டு எந்திரிச்சுட்டான். எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்பத்தான் சுகந்தி வந்தா. கையில ரசவாளி. இவ்வளவு நேரமும் அந்த வரிசையில ரசம் ஊத்திட்டு எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்கா. வாளியை டொக்குனு கீழ வெச்சா.

"அண்ணி, தெச்சது உங்க தம்பிதானுங்க."

"நீயுமா சுகந்தி? உந்தம்பிக்காகச் சொல்றியாக்கும்."

"போன தீவாளிக்கு எனக்கு ஒரு நைட்டி தெச்சாருங்க. கழுத்துக்கு டி-சர்ட்டுக்கு வெக்கற இறுக்கமான காலர் ரிப்பை வெச்சு. போட்டப்பொறகு கழட்ட முடியல. அத்தையும் நானும் மல்லுக்கட்டிக் கத்திரியில வெட்டித்தான் எடுத்தோம். பையனுக்கு ஒரு கால்சட்டை தெச்சாரு, அதுல ரெண்டு காலும் எடது கால். ஊட்டு ஜன்னலுக்குத் திரை தெச்சாரு, மொத தடவை தொவைச்சதுலயே சுருங்கி இப்ப அடுப்படியில கைப்பிடித் துணியா கெடக்குது. நம்பலீன்னா ஊட்டுக்கு வந்து அலமாரியத் தொறந்து பாருங்க."

அவ்வளவுதான். பந்தி மொத்தமும் என் பக்கம் திரும்புச்சு. அக்கா மோவாயில கை வெச்சா.

"அதானே பாத்தேன்! சின்னப் புள்ளையில பொம்மைக்குச் சட்டை தெக்கறேன்னு எம்பாவாடையோட சேத்துத் தெச்சு வெச்சவன்தானே இவன்!"

பக்கத்து இலைப் பெரியவர் என் முதுகுல வெச்சிருந்த கையை எடுத்துட்டார். கொஞ்சம் தள்ளியும் உக்காந்துட்டார்.

"அப்ப அந்தப் பையன், லோகு, தெரிஞ்சேதான் இத்தனை பேச்சையும் வாங்கிட்டு நின்னானா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க.

"ஆமாங்க. மாமனை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு வாயத் தொறக்கல எந்தம்பி."

கை கழுவப் போன லோகுவை நாலு பேர் போய் இழுத்துட்டு வந்து மறுபடியும் உக்கார வெச்சு, புது இலை போட்டாங்க. அவன் "சாப்பிட்டேனுங்க, சாப்பிட்டேனுங்க"ன்னு சொல்லிட்டே இருந்தான். பாயசம் மட்டும் மூணு பேர் ஊத்தினாங்க. அக்கா தானே போய் அவனுக்கு விசிறினா.

"பழி வந்தும் வாயத் தொறக்கல பாரு," என்கிட்டச் சொன்னா. "இவன்தாண்டா குடும்பத்துக்கு ஆவான். இன்னிக்கே அந்தப் புள்ள ஊட்டுக்குப் போன் போடறேன்."

ஐப்பசியில லோகுவுக்குக் கல்யாணம். பத்திரிகை குடுக்க வந்தப்ப, "மாமா, நீங்க பொண்ணு மாப்ளைக்குத் துணி கிணி தெக்கறேன்னு வந்தறாதீங்க"ன்னு ரொம்ப மரியாதையாச் சொல்லிட்டுப் போனான்.

நான் ஒண்ணு கத்துக்கிட்டேங்க: நம்ம கெட்டிக்காரத்தனத்தை நிரூபிக்கத்தான் சர்டிபிகேட், ஆடிட்டுன்னு ஆயிரம் வேணும், முட்டாள்தனத்துக்குச் சம்சாரம் ஒருத்தி சொன்னாப் போதும்.